எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு பஃபர்: முதல்முறை சால்டர் பிடிப்பவர்களுக்கு

கிட்டாரின் வால்யூம் குமிழை 10-லிருந்து 7-க்குக் குறைத்துப் பாருங்கள். சத்தம் குறையும், அது சரிதான். ஆனால் கூடவே தந்தியின் பளிச்சென்ற ஓசையும் மங்கிவிடுகிறதா? நீளமான கேபிளை மாட்டினால் இன்னும் மோசமாகிறதா? அப்படியானால் கோளாறு ஆம்பிலும் இல்லை, பிக்கப்பிலும் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதி) இல்லை. பிக்கப்பும் கேபிளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சின்ன சர்க்யூட்டைத்தான் பஃபர் என்கிறோம். ஒரே ஒரு ஐசி, ஐந்தாறு ரெசிஸ்டர், ஐந்தாறு கெபாசிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கட்டிவிடலாம்.

பஃபர் ஒலியைப் பெரிதாக்காது. ஒரு வோல்ட் உள்ளே போனால் ஒரு வோல்ட்தான் வெளியே வரும். 'பூஸ்டர்' என்று நினைத்துக் கட்டுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஏன் மங்குகிறது

பிக்கப் என்பது காந்தத்தின் மேல் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இண்டக்டன்ஸ் 2 முதல் 3 ஹென்றி வரை இருக்கும். இது மிகப் பெரிய அளவு. கேபிளோ, உள்ளே ஒரு கம்பியும் சுற்றிலும் ஒரு வலையுமாக இருப்பதால், தானே ஒரு கெபாசிட்டர். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் இடையில் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். மலிவான கேபிள்களில் சில இதைவிட அதிகம் காட்டும்.

இண்டக்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி முட்டி எழும்பும். அதற்கு மேலே எல்லாம் சரசரவென்று இறங்கிவிடும். 2.5 ஹென்றி பிக்கப்புடன் 700 பிகோஃபாரட் சேர்ந்தால் அந்த முகடு 3.8 கிலோஹெர்ட்ஸ் அருகில் வரும். கேபிளும் பெடல்களை (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகளை) இணைக்கும் குட்டிக் கேபிள்களும் சேர்ந்து 1500 பிகோஃபாரட் ஆகிவிட்டால் முகடு 2.6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதே கிட்டார், அதே ஆம்ப், ஆனால் குரல் வேறு.

வால்யூம் குமிழைக் குறைக்கும்போது நிலைமை இன்னும் கெடுகிறது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார்களில் குமிழுக்கு அடியில் வழக்கமாக 500 கே (கிலோஓம்) பொட்டென்ஷியோமீட்டர், அதாவது மாற்றக்கூடிய தடை, இருக்கும். அது மின்சார ரீதியாகப் பாதியில் நிற்கும்போது (குமிழில் அது ஏழு, எட்டு என்ற இடம்) வெளியே தெரியும் தடை 125 கே வரை போகும். 10 மீட்டர் கேபிளின் 1000 பிகோஃபாரட்டுடன் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 1.3 கிலோஹெர்ட்ஸிலிருந்தே ஒலி சரியத் தொடங்குகிறது. கிட்டாரின் கூர்மை எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

பஃபர் செய்வது இதைத்தான்: பிக்கப் பக்கம் 1 மெக் (மெகாஓம்) அளவு பெரிய தடையைக் காட்டி, அதனிடமிருந்து மின்னோட்டம் ஏறக்குறைய எதுவும் வாங்காமல் வோல்ட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறது. மறுபக்கம் அதே வோல்ட்டை 100 ஓம் அளவு சின்னத் தடையுடன் தருகிறது. 100 ஓமுக்கு 1000 பிகோஃபாரட் ஒரு பொருட்டே இல்லை. பஃபருக்குப் பிறகு எத்தனை மீட்டர் கேபிள் போனாலும் பிக்கப்புக்கு அது தெரியாது. ஆனால் கிட்டாருக்கும் பஃபருக்கும் நடுவே இருக்கும் கேபிளைப் பஃபரால் எதுவும் செய்ய முடியாது. இதை மறக்காதீர்கள், கடைசியில் எங்கே வைப்பது என்று பேசும்போது வேண்டியிருக்கும்.

கட்டுவதற்கு முன்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பஃபர் இருக்கலாம். பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்களும் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரும் அணைத்து வைத்திருக்கும்போதும் சிக்னலைத் தங்கள் பஃபர் வழியாகத்தான் அனுப்புகின்றன. அப்படி ஒன்று வரிசையின் தொடக்கத்திலேயே இருந்தால் இன்னொன்று தேவையில்லை. எல்லாமே 'ட்ரூ பைபாஸ்' (அணைத்தால் சிக்னலை எந்தச் சர்க்யூட்டும் இல்லாமல் நேராகக் கடத்திவிடும்) பெடல்கள் என்றால்தான் கேபிள்கள் அத்தனையும் நேராகப் பிக்கப்பின் தலையில் விழுகின்றன.

சோதனை எளிது. மூன்று மீட்டர் கேபிளில் கிட்டாரை நேராக ஆம்பில் மாட்டி வாசியுங்கள். அப்புறம் எல்லாப் பெடல்களையும் நடுவில் வைத்து, அனைத்தையும் அணைத்துவிட்டு அதையே வாசியுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா? இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம். வித்தியாசம் தெரிந்தும் மங்கலான ஒலிதான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் தப்பில்லை. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மாட்டிய நீளமான சுருள் கேபிள்கள் நிறைய ட்ரெபிளை (உச்ச ஓசையை) தின்றவைதான்.

எந்த ஐசி

இந்த வேலைக்கு ஜேஃபெட் டிரான்சிஸ்டர் ஒன்றே போதும் என்று பல வரைபடங்கள் சொல்லும். பார்க்க அழகான சர்க்யூட்தான். ஆனால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஜே201 போன்றவை கால் வைத்த வடிவில் கிடைப்பது அரிதாகிவிட்டது, போலிகளும் உலவுகின்றன. அசலிலேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் குணம் நிறைய மாறும், அதனால் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டிவரும்.

டிஎல்072 ஆப்-ஆம்ப் (இரண்டு பெருக்கிகள் அடங்கிய ஐசி) அந்தத் தொல்லை எதுவும் தராது. உள்ளே நுழைவாயிலில் ஜேஃபெட்தான் இருக்கிறது, விலை மலிவு, எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னையில் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயரைச் சொன்னால் போதும். டிஎல்082 கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கால்கள் ஒரே வரிசைதான், இரைச்சல் சற்றே கூடுதல். வீட்டில் கிடக்கும் எல்எம்358-ஐ மட்டும் போடாதீர்கள். ஒலி அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் அது கரகரக்கும். என்இ5532 நல்ல ஐசிதான், ஆனால் அது குறைந்த இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) உள்ள இடத்துக்கு. பிக்கப்புக்கு எதிரே அதன் இரைச்சல் கூடும்.

வாங்க வேண்டியவை

டிஎல்072 ஒன்று, அதற்கு 8 கால் ஐசி பேஸ் ஒன்று. ரெசிஸ்டர்கள் கால் வாட்: 1 மெக் ஒன்று, 100 கே ஒன்று, 10 கே இரண்டு, 1 கே ஒன்று, 100 ஓம் ஒன்று. நான்கு வண்ணப் பட்டை உள்ளவற்றில் 1 மெக் என்றால் பழுப்பு-கறுப்பு-பச்சை. 100 கே பழுப்பு-கறுப்பு-மஞ்சள். 10 கே பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு. குறைந்த வெளிச்சத்தில் இவை குழப்பும், ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிட்டுப் போடுங்கள்.

கெபாசிட்டர்கள்: 22 நானோஃபாரட் ஃபிலிம் ஒன்று (மேலே 223 என்று இருக்கும்), 100 நானோஃபாரட் ஒன்று (104), எலெக்ட்ரோலிட்டிக் வகையில் 10, 47, 100 மைக்ரோஃபாரட் தலா ஒன்று. எலெக்ட்ரோலிட்டிக் எல்லாம் 25 வோல்ட்டாக இருக்கட்டும். கூடவே 1என்5817 டையோடு, 9 வோல்ட் பேட்டரி கிளிப், ஸ்டீரியோ ஜாக் ஒன்று, மோனோ ஜாக் ஒன்று, ஒரு துண்டு டாட் போர்டு (துளைகளும் செம்பு வட்டங்களும் உள்ள போர்டு), ஒரு அலுமினியப் பெட்டி.

காசு செலவழிக்க ஆசை வந்தால் ஜாக்கிலும் பெட்டியிலும் செலவழியுங்கள். 'ஆடியோ கிரேடு' கெபாசிட்டருக்குப் பத்து மடங்கு விலை கொடுப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மேடையில் முதலில் கெட்டுப்போவது தளர்ந்த ஜாக்தான்.

இணைப்பு

ஐசியை மேலிருந்து பார்க்கும்போது குழிவான அடையாளம் இடப்பக்கம் இருக்கட்டும். கீழ் வரிசை இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. மேல் வரிசை வலமிருந்து இடமாக 5, 6, 7, 8. கீழே சொல்லும் எண்கள் எல்லாம் இவைதான். முதலில் பிரெட்போர்டில் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் சால்டர் செய்வது நல்லது.

1. மின்சாரம். பேட்டரியின் சிவப்புக் கம்பி டையோடுக்குப் போகிறது. டையோடின் வெள்ளைக் கோடு உள்ள முனை சர்க்யூட் பக்கம் இருக்க வேண்டும். அங்கிருந்து 8-ஆம் காலுக்கு ஒரு கம்பி. 4-ஆம் கால் தரைக்கு, அதாவது கிரவுண்டுக்கு. டையோடு தாண்டிய இடத்திலிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட். அதன் கோடு போட்ட கால் தரைப் பக்கம். 100 நானோஃபாரட்டை 8-க்கும் 4-க்கும் இடையில் ஐசியை ஒட்டியே போடுங்கள்.

2. பாதி வோல்ட். கிட்டார் சிக்னல் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுவது. நம்மிடம் இருப்பதோ 0 முதல் 9 வோல்ட் வரைதான். எனவே சிக்னலை நடுவில், 4.5 வோல்ட்டில் உட்கார வைக்க வேண்டும். பிளஸ் கோட்டிலிருந்து 10 கே, அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு இன்னொரு 10 கே. இரண்டும் சந்திக்கும் இடம்தான் பாதி வோல்ட். அங்கிருந்து தரைக்கு 47 மைக்ரோஃபாரட், பிளஸ் கால் பாதி வோல்ட் பக்கம். இந்தக் கெபாசிட்டரைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பேட்டரியில் வித்தியாசம் தெரியாது. அடாப்டர் மாட்டினால் அதன் இரைச்சல் பாதியாகக் குறைந்தாலும் நேராக நுழைவாயிலுக்குள் வந்துவிடும்.

3. உள்ளே வரும் சிக்னல். உள் ஜாக்கின் நுனி முனையிலிருந்து 1 கே, அதன் பின் 22 நானோஃபாரட், அங்கிருந்து 3-ஆம் கால். 3-ஆம் காலிலிருந்து பாதி வோல்ட்டுக்கு 1 மெக். 22 நானோவும் 1 மெக்கும் சேர்ந்து 7 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத்தான் வெட்டும். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ், ஆகவே கவலையில்லை.

4. ஐசியின் வேலை. 1-ஐயும் 2-ஐயும் ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். வெளியே வருவதை அப்படியே திருப்பிக் கொடுப்பதால் ஐசி தன் வெளியீட்டை 3-ஆம் காலுக்குச் சமமாகவே வைத்துக்கொள்ளும். பஃபரின் மொத்த ரகசியமும் இந்தக் கம்பிதான். ஐசியின் மறு பாதி நமக்குத் தேவையில்லை, ஆனால் அதை அந்தரத்தில் விடக்கூடாது: 6-ஐயும் 7-ஐயும் இணைத்து, 5-ஐப் பாதி வோல்ட்டில் மாட்டிவிடுங்கள்.

5. வெளியே போகும் சிக்னல். 1-ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட் (பிளஸ் கால் ஐசி பக்கம்), அடுத்து 100 ஓம், அடுத்து வெளி ஜாக்கின் நுனி. கெபாசிட்டரும் 100 ஓமும் சந்திக்கும் இடத்திலிருந்து தரைக்கு 100 கே. இந்த 100 கே இல்லாவிட்டால் கேபிளைச் செருகும்போதெல்லாம் 'டப்' என்று கேட்கும். 100 ஓம் எதற்கு என்றால், நீண்ட கேபிளின் கெபாசிட்டன்ஸ் நேராக ஐசியின் வாயில் விழுந்தால் சில நேரம் அது காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாக ஆடத் தொடங்கும்.

6. சுவிட்ச் இல்லாத சுவிட்ச். உள் ஜாக்குக்கு ஸ்டீரியோ வாங்கச் சொன்னது இதற்காக. பேட்டரியின் கறுப்புக் கம்பியைத் தரையில் இணைக்காமல் அந்த ஜாக்கின் நடு வளையத்தில் இணையுங்கள். மோனோ பிளக்கைச் செருகியதும் அது வளையத்தையும் தரையையும் சேர்த்துவிடும், சர்க்யூட் உயிர்பெறும். உருவினால் அணைந்துவிடும். டிஎல்072-க்கும் நம் இரண்டு 10 கே-க்கும் சேர்த்துச் சுமார் 3 மில்லிஆம்பியர்தான் ஆகும், நல்ல ஆல்கலைன் பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கிட்டாரை வைத்துவிட்டுப் போகும்போது கேபிளை உருவ மறந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

சால்டர், பெட்டி

25 வாட் அயர்ன் போதும். கம்பியையும் போர்டின் செம்பு வட்டத்தையும் ஒரே நேரத்தில் சூடாக்கி, ஈயத்தை அங்கே தொடுங்கள், அயர்ன் நுனியில் வைத்து உருக்கிக் கொண்டுபோய்ப் பூசாதீர்கள். பேஸை மட்டும் சால்டர் செய்யுங்கள், ஐசியைக் கடைசியில் செருகினால் போதும்.

பெட்டி உலோகமாக இருந்தால் டியூப்லைட்டின் உறுமல் உள்ளே வராது. ஜாக்கின் உடம்பு பெட்டியைத் தொடுவதால் பெட்டியும் தரையோடு சேர்ந்துவிடும். ஜாக் துளைக்கு 10 மில்லிமீட்டர் டிரில் சரியாக இருக்கும். அடாப்டர் வாய் வைக்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை: பெடல் அடாப்டர்களில் நடு ஊசி மைனஸ், வெளிப்புறம் பிளஸ். உலோக உடம்புள்ள டிசி ஜாக்கை மாட்டினால் பிளஸ் பெட்டியைத் தொடும், பெட்டியோ தரை. நேரடி ஷார்ட். பிளாஸ்டிக் உடம்புள்ளதையே வாங்குங்கள். அடாப்டரும் பேட்டரியும் சேர்த்து வைக்க வேண்டுமானால் இணைப்பு கொஞ்சம் மாறும், முதல் பெட்டிக்குப் பேட்டரி மட்டும் போதும் என்பது என் எண்ணம்.

உயிர் கொடுத்துப் பார்ப்பது

ஐசியைச் செருகாமல் பேட்டரியை மாட்டி, உள் ஜாக்கில் ஒரு பிளக்கைச் செருகி, 8-ஆம் காலில் அளவெடுங்கள். பேட்டரியின் வோல்ட்டில் 0.25 வோல்ட் அளவு குறைந்து காட்டும், அது டையோடு எடுத்துக்கொள்வது. பாதி வோல்ட் புள்ளியில் 4.5-க்குப் பக்கத்தில் வரவேண்டும். வந்தால் பேட்டரியைக் கழற்றி, ஐசியைத் திசை பார்த்துச் செருகி, மறுபடி மாட்டுங்கள். 1-ஆம் காலிலும் அதே 4.5 இருந்தால் வேலை முடிந்தது.

3-ஆம் காலில் அளக்கும்போதுதான் புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். அங்கே 4.5 வராது, மீட்டரைப் பொறுத்து 4.1 காட்டும். சில மலிவு மீட்டர்களில் 2.2 மட்டும் காட்டும். சர்க்யூட்டில் எந்தப் பிழையும் இல்லை. மீட்டருக்கும் உள்ளே ஒரு தடை உண்டு: நல்ல மீட்டரில் 10 மெக், மலிவானவற்றில் 1 மெக். நம் 1 மெக் வழியாக வரும் வோல்ட்டை அதுவே பங்குபோட்டுக்கொள்கிறது. கேபிள் கிட்டாருக்குச் செய்வதை மீட்டர் நம் சர்க்யூட்டுக்குச் செய்கிறது. அதனால் 3-ஐ விட்டுவிட்டு 1-ஆம் காலை நம்புங்கள்.

1-ஆம் காலில் 0 அல்லது 8 வோல்ட் இருந்தால், 1-2 இணைப்பு விட்டுப்போயிருக்கும், அல்லது 1 மெக் பாதி வோல்ட்டைத் தொடவில்லை. வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே இல்லை என்றால் வெளி ஜாக்கில் நுனிக்கும் உடம்புக்கும் போகும் கம்பிகளை மாற்றிப் போட்டிருப்பீர்கள், இது அடிக்கடி நடப்பது. எங்கோ ஒரு வானொலி நிலையம் மெல்லப் பேசினால் 3-ஆம் காலிலிருந்து தரைக்கு 100 பிகோஃபாரட் ஒன்றைச் சேருங்கள். கிட்டாரை உருவிவிட்டு வெறும் கேபிளோடு 'உஸ்' என்று கேட்பதைக் குறை என்று எண்ண வேண்டாம், கிட்டாரை மாட்டியதும் அடங்கிவிடும்.

காதுச் சோதனை: வால்யூமை 7-இல் வைத்து, நீளக் கேபிளோடு பஃபர் இல்லாமலும் இருந்தும் வாசியுங்கள். 10-இல் வைத்துச் சோதித்தால் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும்.

எங்கே வைப்பது

கிட்டாரிலிருந்து வரும் முதல் கேபிள் முடியும் இடத்தில், மற்றப் பெடல்களுக்கு முன்னால். அந்த முதல் கேபிளைக் குட்டையாக வைத்துக்கொண்டால் பலன் அதிகம். பிங்க் ஃப்ளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோருக்குப் பெடல்போர்டுகள் கட்டிய இங்கிலாந்துக்காரர் பீட் கார்னிஷ் ட்ரூ பைபாஸை ஒதுக்கிவிட்டு, பஃபரை நம்பியே தன் போர்டுகளை அமைத்தவர். பெடல்களின் எண்ணிக்கை கூடக்கூட அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு ஃபஸ், அதாவது ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் பெடல். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்றவற்றின் நுழைவாயில் இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பிக்கப்பின் சுருளே அந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் தெளிவதும் அதனால்தான். நடுவில் பஃபர் வந்தால் ஓசை கூசும்படி மெலிந்து, குமிழும் பயன்படாமல் போகும். ஆகவே கிட்டார், ஃபஸ், அதன் பிறகு பஃபர். போர்டிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிள் மிக நீளம், கடைசிப் பெடலும் ட்ரூ பைபாஸ் என்றால் முடிவில் இன்னொன்று வைக்கலாம். அதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல்தான் சேரும்.

இரண்டு மாற்றங்கள், ஆசைப்படுபவர்களுக்கு. சும்மா கட்டிப்போட்ட மறு பாதியை ட்யூனருக்குத் தனி வழியாக்கலாம்: 5-ஐப் பாதி வோல்ட்டிலிருந்து பிரித்து 1-ஆம் காலில் இணையுங்கள், 7-இலிருந்து இன்னொரு 10 மைக்ரோ, 100 ஓம், 100 கே, மூன்றாவது ஜாக். இரண்டாவது, பியசோ (அழுத்தத்தை மின்சாரமாக்கும்) பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாருக்கு. வயலினிலும் வீணையிலும் ஒட்டும் கான்டாக்ட் மைக்கும் பெரும்பாலும் இதே வகைதான். ஒரு நானோஃபாரட் அளவுள்ள பியசோ 1 மெக்கைப் பார்த்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய்ந்துவிடும், மிக்ஸரின் லைன் வாயில் நேராகச் செருகினால் கேட்கவே வேண்டாம். 1 மெக் இருந்த இடத்தில் 10 மெக் போடுங்கள், கிடைக்காவிட்டால் 3.3 மெக் மூன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். 10 மெக் உள்ள இடத்தில் விரல் பிசுபிசுப்பும் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) எச்சமும்கூடத் தடையைக் குறைத்துவிடும், சால்டர் முடிந்ததும் அந்தப் பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.